தோட்டத்து விளக்குகள்: எத்தனை, எங்கே, எந்த ஒயரில்?

செம்பருத்தி:
வணக்கம் நண்பர்களே. வீட்டுத் தோட்டத்துக்கு இரவு விளக்கு போடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை சுமார் 18 மீட்டர் கல் பாவிய நடைபாதை. பாதி வழியில் தரை இறங்கும் இடத்தில் மூன்று படிகள். வலப்பக்கம் கிளை பரந்த பழைய மரம், அதன் அடியில் ஒரு பெஞ்ச். இடப்பக்கம் கொடி படர்ந்த கருங்கல் மதில். பின்பக்கம் முழங்கால் ஆழத்தில் ஒரு சின்னக் குளம், மீன்கள் இருக்கின்றன.

அம்மாவுக்கு வயதாகிவிட்டது. இருட்டியபின் அந்தப் படிகளில் கால் வைக்கத் தயங்குகிறார். அதுதான் முதல் காரணம். மரத்தையும் மதிலையும் இரவில் ஜன்னல் வழியே பார்க்க வேண்டும் என்ற ஆசை இரண்டாவது. மொத்தம் இருபது விளக்காவது வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். சோலார் போதுமா, ஒயர் இழுக்க வேண்டுமா? 230 வோல்ட்டா, 12 வோல்ட்டா? எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

ரெண்டரைஸ்கொயர்:
வணக்கம் சகோதரி. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு பெரிய தாளில் தோட்டத்தை அளவோடு வரையுங்கள். வெளிச்சுவரில் மின்சாரம் எங்கே கிடைக்கிறது, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்தத் தடத்தில் போகின்றன, மரக்கிளையின் நுனி எதுவரை நீள்கிறது, எல்லாவற்றையும் குறியுங்கள். அப்புறம் நன்றாக இருட்டியபின் இரண்டு மூன்று டார்ச்சுகளோடு வெளியே போங்கள். ஒன்றை மரத்தடியில் வைத்து மேல்நோக்கித் திருப்புங்கள், ஒன்றை மதிலோரம் வையுங்கள். ஒருவர் கேட்டிலிருந்து நடந்து வரட்டும், இன்னொருவர் ஜன்னலருகே நின்று பார்க்கட்டும். கடையில் நின்று விளக்கைத் தேர்ந்தெடுப்பதைவிட இந்த ஒரு மாலை அதிகம் சொல்லித்தரும்.

இருபது விளக்கு அதிகம். எண்ணிக்கையிலிருந்து தொடங்கினால் எல்லா மூலையும் வெளிச்சமாகிவிடும், அப்புறம் கண் எங்கேயும் நிற்காது. எந்த இடமெல்லாம் இருட்டாகவே இருக்கலாம் என்று முதலில் தாளில் கறுப்பு அடியுங்கள். மிச்சம் இருப்பதற்குத்தான் விளக்கு.

வெயில்பிரியர்:
எதற்கு இவ்வளவு வேலை? சோலார் ஸ்பைக் லைட்டை மண்ணில் குத்தினால் முடிந்தது. பள்ளம் வேண்டாம், ஒயர் வேண்டாம், எலெக்ட்ரீஷியனும் வேண்டாம். பிடிக்காவிட்டால் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம்.

ரெண்டரைஸ்கொயர்:
வெயில்பிரியர், பாதை ஓரத்தில் அடையாளத்துக்கு மினுங்கினால் போதும் என்றால் நீங்கள் சொல்வது சரி. இங்கே வயதானவர் இறங்கும் படி இருக்கிறது, அதனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சின்ன ஸ்பைக் லைட்டுகளில் பெரும்பாலும் 1.2 வோல்ட், 600 மில்லி ஆம்பியர்-அவர் அளவில் ஒரு நிக்கல் பேட்டரி இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஆனால் 0.72 வாட்-அவர். இரவு 10 மணி நேரம் எரிய வேண்டுமென்றால் சராசரியாக 0.07 வாட்தான் கிடைக்கும். நல்ல எல்.ஈ.டி வாட்டுக்கு 100 லூமன் (விளக்கு தரும் ஒளியின் அளவு) தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 7 லூமன். படியின் விளிம்பு தெளிவாகத் தெரிய ஒரு விளக்குக்கு 50 லூமனாவது வேண்டும். அதோடு செம்பருத்தியின் பாதையில் பாதி மரநிழலில் கிடக்கிறது. பேனலுக்கு வெயில் கிடைக்காத இடத்தில் அந்த 7 லூமனும் வராது. தொடர்ந்து மேகமூட்டம் இருக்கும் நாட்களில் படி இருட்டாகிவிடும். அந்தப் படிக்கு ஒயர்தான்.

வெயில்பிரியர்:
படி விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோலாரை ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். பள்ளம் தோண்ட முடியாத தூர மூலையில், ஆள் அசைவைக் கண்டு எரியும் சோலார் சுவர் விளக்கு நன்றாகவே வேலை செய்யும். அதில் 3.2 வோல்ட் லித்தியம் செல் வரும். 1800 மில்லி ஆம்பியர்-அவர் என்றால் ஏறக்குறைய 5.8 வாட்-அவர். 5 வாட்டில் தடவைக்கு 30 விநாடி எரிந்தால் ஒரு முழு சார்ஜில் நூறு தடவைக்கு மேல் வரும். இரவு முழுக்க எரியும் விளக்குக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். பேனல் தனியாக, ஒயரோடு வருகிற வகையாகப் பார்த்து வாங்கினால் விளக்கு நிழலிலும் பேனல் வெயிலிலும் இருக்கலாம்.

ரெண்டரைஸ்கொயர்:
இது நல்ல யோசனை. குளத்துக்குப் பின்னால் இருக்கும் மூலைக்கு அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

நிழல்வரைவு:
செம்பருத்தி, வெளிச்சம் விழுகிற விதம் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். ஒயர் விஷயம் ரெண்டரைஸ்கொயர் கையில் இருக்கட்டும்.

வெளியே போடும் எந்த விளக்குக்கும் முதல் விதி, விளக்கின் வாய் கண்ணுக்குத் தெரியக் கூடாது. வெளிச்சம் விழுந்த பொருள்தான் தெரிய வேண்டும். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் ஒளியின் அளவு. முழுநிலவு தருவது அதிகபட்சம் ஏறக்குறைய 0.3 லக்ஸ்தான், அதிலேயே நடந்து போகிறோம். அப்படிப் பழகிய கண்ணில் மறைப்பில்லாத ஒரு எல்.ஈ.டி நேராகப் பட்டால், அதைச் சுற்றி இருப்பது எல்லாம் கறுத்துப்போகும். முதியவர்களுக்கு இந்தக் கூச்சம் இன்னும் அதிகம், அது தணியவும் நேரமாகும். அம்மாவுக்காகப் போடும் விளக்கே அம்மாவின் கண்ணைக் கட்டிவிடக் கூடாது.

அதனால் படிக்கு மேலே கம்பம் நட்டு விளக்கு வைக்காதீர்கள். பக்கச் சுவரிலோ, படியின் ஓரக்கல்லிலோ, தாழ்வாக, கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும் விளக்கு வேண்டும். இறங்கும்போது ஒவ்வொரு படியின் முன்விளிம்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஏறுபவரின் நிழல் அடுத்த படியை மறைக்கக் கூடாது. இதை டார்ச் வைத்துச் சோதிக்கும்போது அம்மாவையே நடக்கச் சொல்லுங்கள், அவர் கண் உயரமும் நடையும் வேறு. படி விளிம்பில் வெளிர் நிறக் கல் பட்டை ஒன்று பதித்துவிட்டால் பாதி வெளிச்சமே போதும்.

நடைபாதைக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் வரிசையாக நட வேண்டாம். திரும்பும் இடம், தரை மாறும் இடம், செடி பாதைமேல் சாயும் இடம், இவற்றில் மட்டும் வையுங்கள். 100 லூமன் போதும். இரண்டு ஒளிவட்டங்களுக்கு நடுவே கொஞ்சம் மங்கல் இருந்தால் பரவாயில்லை, கால் தன் வழியைக் கண்டுகொள்ளும்.

மரத்துக்கு வருவோம். அடியிலிருந்து மேல்நோக்கி அடித்தால் கிளையமைப்பு நன்றாக எழும்பும். இங்கே ஒளிக்கற்றையின் கோணம்தான் முக்கியம். 3 மீட்டர் தூரத்தில் 15 டிகிரி விளக்கு ஏறக்குறைய 80 செ.மீ. அகலத்துக்குத்தான் படரும், 36 டிகிரி 2 மீட்டருக்கு, 60 டிகிரி மூன்றரை மீட்டருக்கு. அடிமரத்துக்குக் குறுகலான ஒன்று, கிளைக்கூட்டத்துக்கு அகலமான ஒன்று, இரண்டும் வெவ்வேறு பக்கத்திலிருந்து. ஒரே பக்கத்திலிருந்து அடித்தால் மரம் தட்டையாகிவிடும். ஆனால் இலையில்லாத வெறும் வானத்துக்கு ஒளி போகிறதென்றால் அந்த விளக்கைச் சாயுங்கள் அல்லது கழற்றுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது கிளைமேலிருந்து கீழ்நோக்கி விழும் ஒளி. உயரத்தில் ஒரு சின்ன விளக்கை மறைப்போடு கட்டினால், இலைகளின் நிழல் பாதையிலும் பெஞ்சிலும் விழும், காற்றடிக்கும்போது அசையும். பெஞ்சுக்குத் தனி விளக்கே வேண்டியிருக்காது.

கருங்கல் மதிலுக்கு, சுவரை ஒட்டி 15-20 செ.மீ. தள்ளி விளக்கை வைத்து மேல்நோக்கித் தடவிவிட்டால் கல்லின் மேடு பள்ளம் எல்லாம் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் சுவர் சமமாகத் தெரியும், கல்லின் முகம் காணாமல் போகும். கொடி அடர்ந்த பகுதியில் இரண்டாவது, வெறும் கல் தெரியும் பகுதியில் முதலாவது.

ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும் என்றீர்கள். உள்ளே பளிச்சென்று விளக்கு எரிந்தால் இரவில் கண்ணாடி உங்கள் முகத்தைத்தான் காட்டும். அந்த அறை விளக்குக்கு ஒரு டிம்மர் போடுங்கள். தோட்டத்தில் கூட்டுவதைவிட உள்ளே குறைப்பது சுலபம்.

கருங்கல்:
எல்லாம் சரி, ஆனால் பாதுகாப்பு? மதிலோரம் இருட்டாக விட்டால் யார் வேண்டுமானாலும் ஒளியலாம். நான் 50 வாட் வெள்ளை ஃபிளட் லைட் ஒன்றை வீட்டு மூலையில் மாட்டி இரவெல்லாம் எரிய விடுகிறேன். தோட்டம் முழுக்கப் பகலாகத் தெரிகிறது.

நிழல்வரைவு:
கருங்கல், உங்கள் கவலை நியாயமானது. ஒரு சோதனை செய்து பாருங்கள். இரவில் கேட்டருகே நின்று அந்த விளக்கு இருக்கும் பக்கம் பாருங்கள். ஒருவரைச் சுவரோரச் செடிக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். ஒரே இடத்திலிருந்து வரும் வலுவான ஒளி, ஒவ்வொரு செடிக்குப் பின்னாலும் கடுமையான நிழலை உண்டாக்கும். அந்த நிழலில் நிற்பவரை உங்களுக்குத் தெரியாது, அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும்.

எப்போதும் எரியும் விளக்கை யாரும் கவனிப்பதில்லை என்பதும் உண்டு. அசைவைக் கண்டு எரியும் பி.ஐ.ஆர் சென்சார் விளக்கு 700 முதல் 1300 லூமனுக்குள், கீழ்நோக்கித் திருப்பியது, ஆள் வரக்கூடிய இரண்டு இடங்களில் இருந்தால் உங்கள் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பும். அந்த சென்சார் வெப்பம் நகர்வதைப் பார்த்து வேலை செய்வது. தன்னை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை எளிதாகப் பிடிக்கும். அதனால் பாதைக்குப் பக்கவாட்டில் பொருத்துங்கள்.

கருங்கல்:
செடிக்குப் பின்னால் தம்பியை நிறுத்திப் பார்த்தேன். சுத்தமாகத் தெரியவில்லை. சென்சார் விளக்கு பற்றி யோசிக்கிறேன். ஆனாலும் கேட்டுக்கு ஒரு விளக்கு இரவு முழுக்க எரிய வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன்.

மின்மினி:
கேட்டில் ஒன்று எரியட்டும், அதன் நிறம் மட்டும் மஞ்சளாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். 6500 கெல்வின் வெள்ளையில் நீல ஒளி அதிகம். நீலமும் புற ஊதாவும்தான் பூச்சிகளை அதிகம் இழுக்கின்றன. 2700 கெல்வினுக்கு இறங்கினால் கண்ணெதிரே பூச்சிக் கூட்டம் குறையும். 2200 கெல்வின் ஆம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது.

பூச்சி ஏன் விளக்கைச் சுற்றுகிறது என்பதற்கு 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பறக்கும் பூச்சிகள் வெளிச்சமான பக்கம்தான் வானம் என்று கொண்டு முதுகை அதை நோக்கித் திருப்புகின்றன. இயற்கையில் அது சரியான வழிகாட்டி. செயற்கை விளக்கு பக்கவாட்டில் இருந்தால் முதுகைத் திருப்பித் திருப்பி அங்கேயே வளைய வருகின்றன, தப்ப முடிவதில்லை. அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அவை விளக்கை விரும்பி வருவதாக எண்ணியிருந்தவர்களுக்கு இது வருத்தம் தரும் செய்தி. மேல்நோக்கி அடிக்கும் விளக்கு இன்னும் மோசம், அதன் மேலே பறக்கும் பூச்சி தலைகீழாகக் கவிழ்ந்து விழுகிறது. அதனால் மரத்துக்கு நிழல்வரைவு சொன்ன இரண்டு வழிகளில், கிளையிலிருந்து கீழே விழுவதையே தேர்ந்தெடுங்கள்.

மின்மினிகள் ஒளியால்தான் ஜோடியைக் கூப்பிடுகின்றன. வெளிச்சமான தோட்டத்தில் அந்த அழைப்பு எடுபடாது. டார்க்ஸ்கை இன்டர்நேஷனல் என்ற அமைப்பு 1988 முதல் இரவின் இயற்கையான இருட்டைக் காக்க வேலை செய்கிறது. 2020ல் விளக்குப் பொறியாளர் சங்கத்தோடு சேர்ந்து ஐந்து கோட்பாடுகளை வெளியிட்டார்கள்: தேவை இருந்தால் மட்டும், தேவையான இடத்தில் மட்டும், குறைந்த அளவில், தேவையான நேரத்தில், வெதுவெதுப்பான நிறத்தில். இந்த இழையில் மற்றவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

ஈரமண்:
செடி வளர்ப்பவள் என்ற முறையில் நானும் ஒன்று சேர்க்கிறேன். சாமந்தி, பாயின்செட்டியா போன்றவை இரவு நீண்டால்தான் பூக்கும். பக்கத்தில் விளக்கு எரிந்தால் பூப்பது தள்ளிப்போகும். சாமந்தி வளர்ப்பவர்கள் பூவைத் தாமதப்படுத்த வேண்டுமென்றே இரவில் விளக்குப் போடுவது உண்டு. அப்படிப்பட்ட தொட்டிகளை ஒளி விழாத இடத்தில் வையுங்கள்.

மரத்தில் விளக்கு கட்டும்போது கம்பியாலோ கேபிள் டையாலோ கிளையைச் சுற்றி இறுக்கவே கூடாது. கிளை பருக்கும்போது அது பட்டைக்குள் புதைந்து சாற்றோட்டத்தை நிறுத்தும், கிளை பட்டுப்போகும். நீளமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ ஒன்றோ இரண்டோ போதும், மரம் அந்தச் சிறு காயத்தைச் சமாளித்துக்கொள்ளும். விளக்கின் தட்டுக்கும் பட்டைக்கும் நடுவே இடைவெளி விட்டு, மரம் பருக்கப் பருக்க ஸ்க்ரூவைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். ஒயரையும் தொய்வாக விடுங்கள், காற்றில் கிளை ஆடும்.

அடிமரத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டும்போது கடப்பாரையை வீசாதீர்கள். கைக்கொத்தால் மண்ணைத் தள்ளி, பெரிய வேர் வந்தால் வெட்டாமல் அதன் அடியில் பைப்பை நுழையுங்கள். முடிந்தால் அடிமரத்தைச் சுற்றி வளைக்காமல், வெளியிலிருந்து நேர்கோட்டில் அடிமரத்தை நோக்கி வாருங்கள். வேர்களும் அப்படித்தான் ஓடுகின்றன, குறைவாகவே அறுபடும்.

செம்பருத்தி:
எவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் நன்றி. டார்ச் சோதனை செய்தோம். படிக்கு மூன்று, பாதைக்கு நான்கு, மதிலுக்கு மூன்று, மரத்தின் மேல் இரண்டு. பன்னிரண்டோடு நிற்கிறது. மரத்துக்கு மேல்நோக்கி அடிப்பதை விட்டுவிட்டோம். கேட்டுக்கு ஏற்கெனவே ஒரு விளக்கு இருக்கிறது. இப்போது ஒயரைப் பற்றிச் சொல்லுங்கள். 12 வோல்ட் என்றால் தொட்டாலும் ஆபத்தில்லை என்கிறார்கள், அப்படியானால் அதுதானே சரி?

ரெண்டரைஸ்கொயர்:
தாழ்ந்த வோல்ட்டேஜ்தான் சரி. ஆனால் 12ஐ விட 24 வோல்ட் உங்களுக்குப் பொருந்தும். ஏனென்று சொல்கிறேன்.

வோல்ட்டேஜ் குறைந்தால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பு கூடும். ஒன்றரை ஸ்கொயர் (கம்பியின் குறுக்குவெட்டு 1.5 சதுர மி.மீ.) தாமிர ஒயருக்கு 1000 மீட்டருக்கு சுமார் 12.1 ஓம் எதிர்ப்பு, ரெண்டரை ஸ்கொயருக்கு 7.41 ஓம். 60 வாட் லோடு 20 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். போக வர 40 மீட்டர்.

12 வோல்ட்டில் 5 ஆம்பியர். ஒன்றரை ஸ்கொயரில் இழப்பு 2.4 வோல்ட், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 12 கிளம்பி 9.6தான் போய்ச் சேரும். அதே 60 வாட் 24 வோல்ட்டில் 2.5 ஆம்பியர், இழப்பு 1.2 வோல்ட், 5 சதவீதம். ரெண்டரை ஸ்கொயர் போட்டால் 0.74 வோல்ட், 3 சதவீதம். இது லோடு முழுக்கக் கடைசியில் இருந்தால். வழி நெடுக விளக்குகள் பிரிந்திருந்தால் இழப்பு ஏறக்குறைய பாதியாகும். விளக்குகளும் 24 வோல்ட்டுக்கானவையாக வாங்க வேண்டும், கலக்கக் கூடாது.

ஆபத்தில்லை என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. 230 வோல்ட்டைத் தாழ்ந்த வோல்ட்டேஜாக மாற்றித் தரும் பெட்டிக்கு டிரைவர் என்று பெயர். விலை மலிவான சில டிரைவர்களில் வெளியே வருவது 24 வோல்ட்டாக இருந்தாலும், உள்ளே 230 வோல்ட்டிலிருந்து முழுதாகப் பிரிக்கப்பட்டிருக்காது. பழுது வந்தால் அந்த 230 தோட்டத்து ஒயருக்கே வந்துவிடும். டிரைவர்மேல் எஸ்.இ.எல்.வி என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். பிரித்த வகை என்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் குறி இல்லாததை நான் தோட்டத்தில் வைக்கவே மாட்டேன். இந்த வகையில் 24 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு இணைக்கவும் கூடாது.

உங்கள் பன்னிரண்டு விளக்கும் சேர்ந்து 45 வாட்டைத் தாண்டாது. டிரைவரில் 80 சதவீதத்துக்கு மேல் லோடு ஏற்றக் கூடாது என்பது பழக்கம், ஆகவே 75 வாட் எடுங்கள், பின்னால் இரண்டு விளக்கு கூட்டவும் இடம் இருக்கும். அதைக் காற்றோட்டமான, மழை படாத இடத்தில் மாட்டுங்கள். டிரைவருக்கு வரும் 230 வோல்ட் லைனுக்குத் தனி எம்.சி.பி (லோடு மீறினால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்). தோட்டத்தில் ஏதாவது ட்ரிப் ஆனால் வீடு இருளில் மூழ்கக் கூடாது. இந்த 230 வோல்ட் வேலையை மட்டும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

புதுவீடு:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நாங்கள் குடிவந்த வீட்டில் ஏற்கெனவே 12 வோல்ட் தோட்ட விளக்குகள் இருந்தன. ஹாலஜன் பல்புகளை எடுத்துவிட்டு எல்.ஈ.டி மாட்டினோம். இப்போது எல்லாமே துடிக்கின்றன, கடைசி இரண்டும் மங்கல். பல்பு சரியில்லையா?

ரெண்டரைஸ்கொயர்:
பல்பு அநேகமாக நல்லதுதான். ஹாலஜனுக்கான எலெக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மருக்குக் குறைந்தபட்ச லோடு ஒன்று உண்டு, 20 வாட் மாதிரி. எல்.ஈ.டி மாட்டியதும் லோடு அதற்குக் கீழே போயிருக்கும், அது விட்டு விட்டு வேலை செய்கிறது, அதனால் துடிப்பு. அதோடு அந்த வகையில் வெளியே வரும் மின்சாரம் மிக வேகமாக அலையடிப்பது, இரண்டு மீட்டருக்கு மேல் ஒயர் இழுப்பதற்கானதல்ல. பழையதை எடுத்துவிட்டு எல்.ஈ.டி டிரைவர் போடுங்கள். உங்கள் பல்பு ஏசியா டிசியா என்று அதன்மேல் பார்த்து அதற்கேற்றது. அதன்பிறகும் கடைசி இரண்டு மங்கலாக இருந்தால் விளக்கின் முனையில் மீட்டர் வைத்து அளந்து பாருங்கள். 10.5க்குக் கீழே காட்டினால் ஒயர் மெலிசு, அல்லது நடுவில் ஜாயிண்ட் துருப்பிடித்திருக்கிறது.

செம்பருத்தி:
ஜாயிண்ட் என்றதும் கேட்க வேண்டியிருக்கிறது. மண்ணுக்குள் ஜாயிண்ட் போடலாமா? ஐபி65 என்று போட்ட விளக்கு மழைக்குத் தாங்கும்தானே?

ரெண்டரைஸ்கொயர்:
தோட்ட விளக்கு கெட்டுப்போவதில் பெரும்பங்கு ஜாயிண்டில்தான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஐபிக்குப் பின்னால் வரும் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 44 சாரலுக்குத் தாங்கும், கூரை நிழலில் வைக்கலாம். 65 எந்தப் பக்கத்திலிருந்தும் பீய்ச்சும் தண்ணீருக்குத் தாங்கும், தேங்கும் தண்ணீருக்கு அல்ல. 67 ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கினாலும் தாங்கும். 68 தொடர்ந்து மூழ்கியிருக்க. மதிலோரம் தரையில் புதைக்கும் மூன்றும் 67ஆக இருக்கட்டும், அடியில் 20-30 செ.மீ. ஜல்லி கொட்டித் தண்ணீர் வடிய வழி செய்யுங்கள். ஜல்லி இல்லாமல் களிமண்ணில் புதைத்தால் எந்த எண்ணும் நெடுநாள் காப்பாற்றாது.

விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். திடீர் மழையில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது உள்ளே இழுக்கும். கண்ணாடி விளிம்பு இறுக்கமாக இருந்தால் ஒயர் வழியாக இழுக்கும். ஒயர் உறைக்கும் உள்ளிருக்கும் கம்பிகளுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி போதும், ஜாயிண்டில் தேங்கிய தண்ணீர் மெல்ல ஏறி விளக்குக்குள் வந்துவிடும். கண்ணாடிக்குள் வியர்த்துப்போய் நிற்கும் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். ஜாயிண்டைச் சரிசெய்யாமல் விளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிதான்.

அதனால் மண்ணுக்குள் ஜாயிண்ட் வைக்காமல் இருக்கத்தான் முதலில் பாருங்கள். ஒவ்வொரு விளக்கின் ஒயரும் தரைக்கு மேலே, சுவரிலோ குட்டைக் கம்பத்திலோ இருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்கு வரட்டும். பாக்ஸில் ஒயர் கீழ்ப்பக்கமாக கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடித்து நீரைத் தடுக்கும் வாய்) வழியே நுழைய வேண்டும், நுழையும் முன் சற்றுத் தொங்கி வளைந்து வந்தால் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மண்ணில் போட்டே ஆக வேண்டும் என்றால் ஜெல் நிரப்பிய கனெக்டர் அல்லது ரெசின் ஊற்றும் ஜாயிண்ட் கிட். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி மண்ணில் புதைக்கவே வேண்டாம், பசை மண் ஈரத்தில் ஊறி விடும்.

பைப் எத்தனை ஆழம் என்பது உங்கள் பகுதி மின்விதியைப் பொறுத்தது. 24 வோல்ட்டுக்கு அதிக ஆழம் கேட்க மாட்டார்கள், 230 வோல்ட் என்றால் அரை மீட்டர் அளவில் கேட்பார்கள், பாதுகாப்பு உறையுள்ள ஆர்மர்டு கேபிளும் வேண்டியிருக்கும். எதுவானாலும் மண்வெட்டி சாதாரணமாக இறங்கும் ஆழத்துக்குக் கீழே போங்கள், பைப்புக்கு மேலே எச்சரிக்கை டேப் ஒன்றை விரியுங்கள். பாதைக் கல்லைப் பெயர்க்கும்போதே ஒரு காலி பைப்பும் சேர்த்துப் போட்டு உள்ளே நைலான் கயிறு விட்டு வையுங்கள். நாளைக்கு இன்னொரு ஒயர் இழுக்கக் கல்லைப் பெயர்க்க வேண்டியதில்லை. மூடுவதற்கு முன் பள்ளத்தைப் போட்டோ எடுங்கள், அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து.

கருங்கல்:
விளக்கின் உடம்பு எந்த உலோகம் என்பதையும் சொல்லிவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அது பெரிய தொல்லை.

ரெண்டரைஸ்கொயர்:
ஆமாம், விட்டுவிட்டது. பித்தளையும் தாமிரமும் நிறம் மாறும், ஆனால் உழைக்கும். கடல் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் என்றால் 316 கிரேடு, 304 புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். பெயிண்ட் பூசிய அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அங்கிருந்து உள்ளே போய்ப் பூச்சை உரிக்கும். அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்து ஸ்க்ரூ இறுகிவிடும், மாட்டும்போதே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். மெலிசான பிளாஸ்டிக் ஸ்பைக் வெயிலில் மொறுமொறுப்பாகி ஒடியும்.

செம்பருத்தி:
குளத்துக்குள் ஒரு விளக்கு வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நிழல்வரைவு:
என் பதில், வேண்டாம். கலங்கிய நீரில் கீழிருந்து ஒளி அடித்தால் மிதக்கும் தூசும் பாசியும்தான் தெரியும். குளத்தைக் கறுப்பாகவே விட்டு, எதிர்க்கரையில் ஒரு நல்ல கல்லையோ புல்லையோ மென்மையாக ஒளியூட்டுங்கள். நீர் கறுப்பாக இருந்தால்தான் அது அப்படியே பிரதிபலிக்கும். ஒரு விளக்கில் இரண்டு காட்சி கிடைக்கும்.

ரெண்டரைஸ்கொயர்:
நானும் அதையே சொல்வேன். தண்ணீருக்குள் வைப்பதென்றால் ஐபி68 வேண்டும், 12 வோல்ட் விளக்கு என்றால் உங்கள் 24 வோல்ட் லைனில் சேர்க்கவும் முடியாது.

ஈரமண்:
மீனுக்கும் இருட்டு வேண்டும். இரவெல்லாம் வெளிச்சத்தில் வைத்தால் அவற்றின் ஓய்வு கெடும்.

செம்பருத்தி:
வேலை முடிந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிழல்வரைவு சொன்னபடி படிகளில் வெளிர் கல் பட்டை பதித்தோம், பக்கச் சுவரில் மூன்று தாழ்ந்த விளக்குகள். நேற்று இரவு அம்மா கேட் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பினார். யாரையும் கைபிடிக்கக் கூப்பிடவில்லை. அதற்காகவே உங்கள் எல்லோருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். குளத்தைக் கறுப்பாகவே விட்டோம்.

கடைசியாக இரண்டு கேள்வி. எந்த நேரத்தில் அணைப்பது? பராமரிப்பு என்ன?

மின்மினி:
மனம் நிறைந்தது, அம்மாவுக்கு என் வணக்கம். படிக்கும் பாதைக்கும் ஒரு சர்க்யூட், மரத்துக்கும் மதிலுக்கும் இன்னொன்று என்று பிரித்திருந்தால் இரண்டாவதை இரவு 10 மணிக்கே அணைத்துவிடுங்கள். பார்க்க ஆள் இல்லாத அழகுக்கு இரவில் நடமாடும் உயிர்கள் விலை கொடுக்க வேண்டாம். படி விளக்கு அசைவு சென்சாரோடு, மங்கலாக எரிந்து ஆள் வந்ததும் கூடுவதாக இருந்தால் இன்னும் நல்லது.

ரெண்டரைஸ்கொயர்:
டைமர் வாங்கும்போது ஆஸ்ட்ரோ டைமர் என்று கேளுங்கள். இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் ஒவ்வொரு நாளும் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும், பருவம் மாறினாலும் திருத்த வேண்டியதில்லை. ஒளி சென்சார் மலிவு, ஆனால் அதன்மேல் இலை விழுந்தாலோ பக்கத்து விளக்கின் ஒளி பட்டாலோ ஏமாந்துவிடும்.

பராமரிப்பு அதிகம் இல்லை. கண்ணாடியில் படியும் மண்ணையும் சிலந்தி வலையையும் ஈரத்துணியால் துடையுங்கள், அதிலேயே கணிசமான வெளிச்சம் திரும்பும். செடி வளர்ந்து விளக்கை மூடினால் விளக்கை நகர்த்துங்கள் அல்லது செடியைக் கத்தரியுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜங்ஷன் பாக்ஸ்களைத் திறந்து உள்ளே ஈரமோ எறும்புக் கூடோ இருக்கிறதா பாருங்கள். மரத்து ஸ்க்ரூவை ஈரமண் சொன்ன மாதிரி வருடம் ஒருமுறை தளர்த்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆர்.சி.சி.பியில் இருக்கும் அந்தச் சின்ன டெஸ்ட் பட்டன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே தோட்டத்து லைனை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள்.